சிப்புக்குத் தெரியாத தடுப்பு: முதுநகர் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு ஸ்பானிங் ட்ரீ வேலை

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் என் சித்தப்பா ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறார். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் காலத்தில் அங்கே இரவு பகல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் கம்ப்ரஸர் கொஞ்சம் ஓயும், டேங்கைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள், நெட்வொர்க்கில் கை வைக்கவும் சித்தப்பா சம்மதிப்பார். இந்த வருடத் தடைக்காலத்தில் அங்கே செய்த வேலையை அப்படியே எழுதி வைக்கிறேன். இதே பாதையில் போகிறவர்களுக்கு ஒரு வாரமாவது மிச்சமாகும்.

இடம் இப்படி. முன்னால் அலுவலகம்: பில்லிங் சர்வர், கேமரா பதிவுப் பெட்டி, ஐ.பி. போன் பெட்டி எல்லாம் அங்கே. பின்னால் கம்ப்ரஸர் அறை. பக்கவாட்டில், லாரி வந்து போகும் முற்றத்தைத் தாண்டி, ஐஸ் பாரை உடைத்து ஏற்றும் மேடை. அலுவலகத்திலிருந்து கம்ப்ரஸர் அறைக்குச் சுவரோரமாக ஒரு பழைய கேபிள் போகிறது. உப்புக் காற்றில் அதில் இரண்டு ஜோடி செத்துவிட்டது, மீதி இரண்டு ஜோடியில் 100 மெகாபிட்டுக்கு மட்டும் இணைகிறது. கம்ப்ரஸர் அறைக்கும் மேடைக்கும் நடுவில் புது ஜிகாபிட் கேபிள். அலுவலகத்துக்கும் மேடைக்கும் இடையே முற்றத்தைத் தோண்ட முடியாது என்பதால் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி. மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம்.

முக்கோணம் என்றாலே பாக்கெட் முடிவில்லாமல் சுற்றலாம். அதைத் தடுக்க, ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஒரு பக்கத்தை மறித்து, வட்டமில்லாத மரமாக்கும். அது எதை மறிக்கிறது என்பதில்தான் சிக்கல். ரேடியோவின் கேபிள் போர்ட் ஜிகாபிட் என்று பேசிக்கொள்கிறது, அதனால் அந்த வழியின் செலவு 20,000 (பணம் இல்லை, வேகம் கூடினால் குறையும் ஒரு எண், செலவு குறைந்த வழியே தேர்வாகும்). சுவரோரக் கேபிள் 100 மெகாபிட், செலவு 2,00,000. ஆக, ஸ்பானிங் ட்ரீ சுவர்க் கேபிளை மறித்துவிட்டு எல்லாவற்றையும் ரேடியோ வழியாக அனுப்பும். கேமராவுக்கு அது பரவாயில்லை. ஆனால் ஐஸ் ஏற்ற வரும் லாரி ரேடியோவுக்குக் குறுக்கே நின்றால் போன் பேச்சு துண்டு துண்டாக உடையும். எத்தனை பார் என்று மேடையிலிருந்து சொல்வது பில் போடுகிறவருக்குக் கேட்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் படகுக்காரர் காத்து நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஒரே கம்பிக்குள் எண் குறி போட்டுப் பிரித்த தனித்தனி நெட்வொர்க்தான் விலான். எனக்கு வேண்டியது இதுதான். பில்லிங் விலான் 10, போன் விலான் 30 இரண்டும் சுவர்க் கேபிளில் போக வேண்டும். கேமரா விலான் 20 ரேடியோவில் போக வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்க வேண்டும். மொத்தம் 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட், கூட்டினால் 64. சுவர்க் கேபிள் நெருக்கடியில் அதையும் தாங்கும். விலானுக்கு விலான் மறிக்கும் போர்ட் வேறுபட வேண்டும் என்பதுதான் கேள்வியின் சாரம்.

கையில் மூன்று எஸ்பிரஸோபின் பலகைகள் இருந்தன. மார்வெல் ஆர்மடா 3720 பிராசஸர், கூடவே 88இ6341 ஸ்விட்ச் சிப், மூன்று ஈதர்நெட் போர்ட். இரண்டு போர்ட் முக்கோணத்துக்கு, ஒன்று அந்தந்த இடத்துச் சின்ன ஸ்விட்ச்சுக்கு. கணக்கு சரியாக இருந்தது. டெபியன் 12 லினக்ஸ் போட்டேன், அதன் மையமான கர்னல் 6.1. ஸ்விட்ச் சிப்பை லினக்ஸோடு இணைக்கும் டி.எஸ்.ஏ. என்ற பகுதி கர்னலில் இருப்பதால் சிப்பின் ஒவ்வொரு போர்ட்டும் லினக்ஸில் தனித்தனி நெட்வொர்க் கார்டு போலத் தெரியும். அவற்றை ஒரு பிரிட்ஜில் (லினக்ஸுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) சேர்த்தால், பாக்கெட்டை ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், சிபியு வரைக்கும் அது வராது. இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாகப் படித்துத்தான் இருந்தேன். ஆனால் அது எங்கே வந்து கடிக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் சோதனையைத் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மேசையிலேயே செய்தேன். ரேடியோவுக்குப் பதில் ஒரு கேபிள். சுவர்க் கேபிளுக்குப் பதில் 100 மெகாபிட்டில் கட்டிப்போட்ட ஒரு கேபிள். விலான் 20 மட்டும். லினக்ஸ் பிரிட்ஜில் போர்ட்டுக்குள்ளே ஒவ்வொரு விலானுக்கும் தனி ஸ்பானிங் ட்ரீ நிலை வைக்கும் வசதி 2020-இல் கர்னல் 5.6-இலேயே வந்துவிட்டது. டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) எதுவும் இல்லாமல் கையாலேயே, கம்ப்ரஸர் பலகையில் சுவர்க் கேபிள் மாட்டிய வான் போர்ட்டில் விலான் 20-ஐ மறித்தேன். பிரிட்ஜ் கட்டளையில் கேட்டால் அந்த விலான் மறிக்கப்பட்டிருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. ஒரு கேமராவும் லேப்டாப்பும் விலான் 20-இல் மாட்டினேன். கடைசியாக முக்கோணத்தின் மூன்றாவது கேபிளைச் செருகி, லேப்டாப்பிலிருந்து கேமராவுக்கு ஒரு பிங் அடித்தேன்.

ஆறு போர்ட்டின் பச்சை விளக்கும் ஒரே சமயத்தில் மினுக்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் மினுக்கல்கூடத் தெரியாமல் விடாமல் எரிந்தன. பிங் போகவில்லை. கேமரா மறைந்துவிட்டது. கன்ஸோலில் வான் போர்ட்டின் மேல், பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப் ஓட்டினால் ஒரு வரிகூட வரவில்லை. சிபியு வேலையே இல்லாமல் சும்மா இருந்தது. அரை மணி நேரம் கேபிளையே மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஏனென்றால் கர்னல் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது.

ஈத்டூல் என்ற கருவியில் போர்ட்டின் எண்ணிக்கைகளை எடுத்த பிறகுதான் கண் திறந்தது. அந்த எண்ணிக்கை சிப்பிலிருந்தே நேராக வருவது. ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்தேன். உள்ளே வந்த பிராட்காஸ்ட் நொடிக்கு 1,42,000 சொச்சம். 100 மெகாபிட் கம்பியில் விலான் குறியோடு 68 பைட் ஃபிரேம் இதற்கு மேல் போகவே முடியாது. பிங்குக்கு முன்னால் கேமராவின் முகவரி எது என்று லேப்டாப் எல்லாருக்கும் கேட்ட ஒரே ஒரு ஏ.ஆர்.பி. கேள்வி, மூன்று சிப்புக்குள் வட்டமடித்துக் கம்பியை நிரப்பிவிட்டது. இதைத்தான் பிராட்காஸ்ட் புயல் என்பார்கள்.

ஏன் டி.சி.பி.டம்ப் மௌனமாக இருந்தது? விலான் 20-இல் பிரிட்ஜை உறுப்பினராக நான் சேர்க்கவில்லை, தேவையும் இல்லை. இப்போதைய கர்னலில் பிரிட்ஜ் உறுப்பினராக இல்லாத விலானைச் சிப்பின் சிபியு போர்ட்டிலும் சேர்ப்பதில்லை. அதனால் புயல் முழுவதும் சிப்போடு நின்றது. நான் மறித்தது கர்னலுக்குள் இருக்கும் மென்பொருள் பிரிட்ஜை. கோடைக் காலத்தில் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் மேல் தடுப்பு வைத்தால், கீழே வறண்ட மணலில் இறங்கி வண்டிகள் போய்க்கொண்டிருக்குமே, அதே கதை. அந்த விலான் நிலை, கர்னல் சொல்வதைச் சிப் டிரைவருக்குக் கடத்தும் ஸ்விட்ச்டெவ் வழியாகச் சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. அந்த வசதி எப்போதும் இயங்கும் நிலையிலேயே வந்தது, "என்னால் இது முடியாது" என்று மறுக்க டிரைவருக்கு வழியே வைக்கவில்லை.

சிப்பு இதை எப்படிச் செய்ய விரும்புகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மார்வெல் சிப்பில் வி.டி.யு. என்று ஒரு அட்டவணை, விலானுக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் எந்தப் போர்ட் உறுப்பினர் என்பதோடு ஒரு சின்ன எண்ணும் இருக்கும். அந்த எண் எஸ்.டி.யு. என்ற இன்னொரு அட்டவணையின் வரிசையைக் காட்டும். அந்த வரிசையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டே பிட்: 00 முடக்கம், 01 மறிப்பு, 10 முகவரி கற்றல், 11 அனுப்புதல். விலான்கள் 4,096 வரை போகலாம், எஸ்.டி.யு. வரிசை 64 மட்டுமே. ஆகவே விலானுக்கு ஒரு நிலை என்று சிப்பிடம் கேட்கவே முடியாது. விலான்களைக் குழுவாக்கு, குழுவுக்கு ஒரு மரம் கொடு என்றுதான் கேட்கலாம். பல மரம் வைக்கும் ஸ்பானிங் ட்ரீ வகையான எம்.எஸ்.டி.பி. தரமும் அதையேதான் சொல்கிறது.

லினக்ஸ் பிரிட்ஜில் எம்.எஸ்.டி. என்ற இந்தக் குழு முறை 2022-இல் கர்னல் 5.18-இல் வந்தது. டோபியாஸ் வால்டெக்ரான்ஸ் எழுதியது, மார்வெல் டிரைவருக்கான இணைப்பையும் அவரே அதோடு சேர்த்துக் கொடுத்தார். பிரிட்ஜில் இதை வெளிப்படையாக இயக்க வேண்டும். சிப்பால் முடியாவிட்டால் டிரைவர் அங்கேயே மறுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மறுப்புதான். முடியாததை முடியாது என்று சொல்கிற மென்பொருளை நம்பி ராத்திரி தூங்கலாம்.

சரி, என் கர்னல் 6.1, எல்லாம் இருக்கிறது என்று இயக்கப் போனேன். ஐபி கட்டளைக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. கர்னலில் 2022-இல் வந்தது, அந்தக் கட்டளை அடங்கிய ஐபிரூட்2 கருவியில் 2024-இல்தான் சேர்ந்திருக்கிறது. டெபியன் 12-இல் இருப்பது பழையது. புதிய மூலநிரலை இறக்கிப் பலகையிலேயே கம்பைல் செய்து தனி அடைவில் வைத்தேன். பழையதை அழிக்கவில்லை, டெபியனின் மற்ற ஸ்கிரிப்ட்டுகள் அதை நம்பி இருக்கின்றன.

அடுத்த தடை: விலான்கள் இருக்கும்போது இந்த முறையை மாற்ற முடியாது என்று கர்னல் திருப்பி அனுப்பியது. நியாயம்தான். விலான் 10, 20, 30 மூன்றையும் எடுத்தேன். மறுபடியும் அதே பதில். பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு போர்ட்டிலும் விலான் 1 உட்கார்ந்திருக்கிறது. போர்ட்டைப் பிரிட்ஜில் சேர்த்தவுடன் கர்னல் தானாகவே போட்டுவிடுகிற விலான் அது. பிரிட்ஜை உருவாக்கும்போதே இயல்பு விலானைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, எம்.எஸ்.டி. முறையையும் இயக்கிவிட்டு, அதற்குப் பிறகு போர்ட்டுகளைச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஓடும் பெட்டியில் தொலைவிலிருந்து இதைச் செய்யாதீர்கள். விலானை எடுக்கும் நொடியில் உங்கள் இணைப்பும் போய்விடும். கன்ஸோல் கேபிளை மாட்டிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள்.

அப்புறம் குழு பிரித்தேன். 10, 30 இரண்டும் மரம் 1. 20 மட்டும் மரம் 2. பிரித்த கணத்தில் எல்லாப் போர்ட்டும் ஊமையாகிவிட்டன. எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்தேன். உண்மையில் ஒரு புது மரத்தில் எல்லாப் போர்ட்டும் முடக்க நிலையில்தான் தொடங்கும், யாராவது திறந்துவிடும்வரை அப்படியே இருக்கும். திறந்த நிலையில் தொடங்கினால் மேசையில் பார்த்த புயல் மறுபடி வரும் அல்லவா? யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

திறந்துவிட வேண்டியவர் எம்எஸ்டிபிடி என்கிற டீமன். அண்டைப் பெட்டியிடமிருந்து வரும் பி.பி.டி.யு. என்ற ஸ்பானிங் ட்ரீ செய்தியைப் படித்து எந்த மரத்தில் எந்தப் போர்ட் என்ன நிலை என்று கணக்குப் போடுவது அதன் வேலை. நான் கம்பைல் செய்த பதிப்பு கணக்கை எல்லா மரத்துக்கும் சரியாகப் போட்டது, ஆனால் பொது மரமான பூஜ்யத்தின் நிலையை மட்டும்தான் கர்னலுக்குச் சொன்னது. மரம் 1, 2 பற்றி அதற்குள்ளேயே வைத்துக்கொண்டது. நொடிக்கு ஒருமுறை அதனிடம் கேட்டுக் கர்னலுக்குச் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை முதலில் எழுதினேன், எழுதிய கையோடு தூக்கிப் போட்டேன். மறிக்க வேண்டிய போர்ட்டை ஒரு நொடி தாமதமாக மறித்தால், அந்த ஒரு நொடியில் ஒன்றரை லட்சம் பாக்கெட் சுற்றிவிடும்.

அந்த டீமனின் மூலநிரலிலேயே ஹார்ட்வேர்க்காரர்களுக்கென்று ஒரு கோப்பைக் கிட்டத்தட்டக் காலியாக விட்டிருக்கிறார்கள். போர்ட் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள ஒரு ஃபங்ஷன் கூப்பிடப்படும், மர எண்ணும் கூடவே வரும். அங்கே சுமார் நாற்பது வரி எழுதினேன். மர எண் பூஜ்யம் இல்லையென்றால் அந்த நிலையை நெட்லிங்க் (நிரல்கள் கர்னலோடு பேசும் வழி) வழியாகக் கர்னலுக்கு அனுப்பு, பதில் வரும்வரை நில். பதில் பிழையாக இருந்தால் உரக்கப் பதிவு செய். இந்த வேலையில் எனக்கு மனநிறைவு தந்த பகுதி இந்த நாற்பது வரிதான்.

இதில் வரிசை முக்கியம். விலானைக் குழுவில் சேர்த்த பிறகே டீமனைத் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் டீமன் முன்பே நிலையைச் சொல்லி முடித்திருக்கும், அடுத்த மாற்றம் வரும்வரை வாய் திறக்காது, போர்ட் முடக்கத்திலேயே கிடக்கும்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பலகையிலும் பகுதிப் பெயர், திருத்த எண், விலான்-மரப் பட்டியல் மூன்றும் ஒரே மாதிரி இருந்தால்தான் அவை ஒரே பகுதி என்று ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். பட்டியலை அப்படியே அனுப்புவதில்லை, அதிலிருந்து எடுத்த 16 பைட் சுருக்கத்தை மட்டும் அனுப்பும். மேடைப் பலகையில் விலான் 30-ஐ மரம் 1-இல் சேர்க்க மறந்துவிட்டேன். எல்லாம் ஓடியது, பிழை எதுவும் இல்லை, ஆனால் போன் ரேடியோவிலேயே போனது. மூன்று பலகையின் சுருக்கத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது மூன்றாவது மட்டும் முதல் எழுத்திலிருந்தே வேறு. இப்போது அந்தச் சுருக்கத்தை ஒரு தாளில் எழுதி மூன்று பெட்டியின் மூடிக்குள்ளும் ஒட்டியிருக்கிறேன்.

செலவுக் கணக்கில் நான் மாற்றியது ஒரே ஒரு எண். அலுவலகம்தான் எல்லா மரத்துக்கும் வேர், செலவை அதுவரைக்கும்தான் கூட்டுவது. மரம் 2-இல் இயல்புச் செலவே போதும்: கம்ப்ரஸர் அறையிலிருந்து மேடை வழியாக ரேடியோ 40,000, சுவர் வழி 2,00,000. ஆக, கேமரா தானாகவே ரேடியோவில் போகும், கம்ப்ரஸர் பலகையின் சுவர் போர்ட் மறிக்கப்படும். மரம் 1-இல் மட்டும் மேடைப் பலகையின் ரேடியோ போர்ட்டுக்குச் செலவை 10,00,000 ஆக்கினேன். கம்ப்ரஸர் அறை வழியாகச் சுற்றினால் 2,20,000 தான். மேடை அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ரேடியோவை மறித்தது.

இந்த முறை பிரிட்ஜ் சொன்னதை மட்டும் நம்பவில்லை. டெவ்லிங்க் என்ற கருவி வழியாகச் சிப்பின் எஸ்.டி.யு. அட்டவணையைப் படம் பிடித்து எடுக்கலாம். கம்ப்ரஸர் பலகையில் மரம் 2-க்கான வரிசையை எடுத்து, வான் போர்ட்டுக்கு உரிய இரண்டு பிட்டைப் பிரித்தேன்: 01. மரம் 1-இன் வரிசையில் அதே இடத்தில் 11. ஒரே போர்ட், ஒரே கம்பி, ஒரு விலானுக்கு மூடி, இன்னொன்றுக்குத் திறந்து, அதுவும் சிப்புக்குள்ளேயே. அதன் பிறகு மூன்றாவது கேபிளைச் செருகிப் பிங் அடித்தேன். விளக்குகள் நிதானமாக மினுக்கின. ஈத்டூல் எண்ணிக்கையில் பிராட்காஸ்ட் நொடிக்கு இரண்டோ மூன்றோதான் ஏறியது.

மே மாதக் கடைசியில் ஃபேக்டரியில் பொருத்தினோம். ரேடியோவில் பார்க்க வேண்டியது இரண்டு. விலான் குறியைக் கழற்றாமல் அப்படியே கடத்த வேண்டும், அதற்குள்ளே இருக்கும் சொந்த ஸ்பானிங் ட்ரீயை அணைக்க வேண்டும். சுவர்க் கேபிளின் இரண்டு முனையையும் வெட்டிப் புது முனை கிரிம்ப் செய்தேன். பழைய முனையின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது, விரலால் தேய்த்தால் உப்பு நறநறத்தது. ஆனாலும் 100-ஐத் தாண்டவில்லை, கேபிளின் உள்ளேயே அந்த ஜோடிகள் போய்விட்டன. இந்த ஏற்பாட்டுக்கு 100 போதும்.

முதலில் சுவர்க் கேபிளை உருவினேன். பிங் ஒன்றே ஒன்று தவறியது, மரம் 1 உடனே ரேடியோவுக்குத் தாவியது. பழைய வழியில் கற்ற முகவரிகளைச் சிப் அந்த மரத்தின் விலான்களில் மட்டும் அழித்துவிட்டது, கேமரா படம் அசையவே இல்லை. ரேடியோவை நிறுத்தினால் கதை வேறு. போர்ட்டுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கேபிள் உயிரோடுதான் இருக்கிறது, அதனால் இணைப்பு போனது சிப்புக்குத் தெரியாது. இரண்டு நொடிக்கு ஒரு ஹலோ பி.பி.டி.யு., மூன்று தவறினால்தான் முடிவு செய்யும், ஆக ஆறு நொடி. கேமராவில் ஆறு நொடி உறைந்து, பிறகு சுவர் வழியாகப் படம் வந்தது. பதிவுக்கு ஆறு நொடி பரவாயில்லை என்று சித்தப்பா சொன்னார். போன் அந்த ஆறு நொடியில் மாட்டவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது.

ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிகிறது. அதற்கு முந்தின இரண்டு நாளே ஐஸ் ஏற்ற லாரி வரிசை கட்டிவிட்டது. முழுப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ரேடியோவுக்கு நேர் குறுக்கே நின்றபோது, மேடையிலிருந்து கம்ப்ரஸர் ஆபரேட்டர் அண்ணனை அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொன்னேன்.

"தம்பி, கேக்குதா?"

"நல்லா கேக்குதுண்ணே. பேசிக்கிட்டே இருங்க."

"என்னாத்த பேசுறது? வண்டிக்கு நூத்தி இருவது பாரு, எழுதிக்கச் சொல்லு."

பில் போடுகிறவர் எழுதிக்கொண்டார். திரையில் மேடைக் கேமராவின் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, லாரி நகர்ந்ததும் கூடிவந்தது. பக்கத்து ஜன்னலில் விலான் 30-இன் பிங் ஒரு மில்லி நொடிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.